பக்கிங்காம் கால்வாயும் விளைபொருட் போக்குவரத்தும்

விளைபொருளைக் களத்தில் சேர்த்தவுடன் குடியானவருடைய கவலை தீர்ந்து விடுவதில்லை. உண்பவர் வீட்டை அது அடையும் வரையில் அதன்மேல் ஏறுகின்ற செலவுகளிற் பெரும்பகுதி, ஏதேனுமொரு வழியில் அவர் தலையிலேயே விழுகின்றது. வண்டிச்சத்தம், ஏற்றுகூலி, இறக்குகூலி, தரகு, சேதாரம் என்று மண்டிச் சீட்டில் வரிசையாகக் கழிக்கப்படும் இனங்களைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விதையிலும் உரத்திலும் நீரிலும் சிக்கனம் காட்டுவதற்கு எத்தனையோ யோசனைகள் சொல்லப்படுகின்றன. விளைந்த பொருளைக் கொண்டு செல்வதிலுள்ள வீண்செலவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

இவ்வீண்செலவு பணத்தோடு நிற்பதன்று. லாரி எரிக்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயுவை ஆகாயத்திற் கலக்கின்றது. இவ்வாயு பெருகப் பெருகப் பூமியின் உஷ்ணம் உயருகின்றது. உஷ்ணம் உயர்ந்தால் கனமழை மேலும் கனத்துப் பெய்யும் என்பதும், வறட்சி மேலும் கடுமையாகும் என்பதும் விஞ்ஞானிகள் கண்ட முடிவு. சீதோஷ்ணம் கெட்டால் முதலில் நஷ்டமடைகிறவர் பயிர் செய்கிறவரே. ஆகவே சரக்குப் போக்குவரத்தைச் செம்மைப்படுத்துவது பட்டணத்தார் விவகாரம் என்று குடியானவர் ஒதுங்கியிருப்பதற்கில்லை. சென்னைப் பட்டணத்தின் தென்பகுதியிலுள்ள மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களுக்கு விளைபொருள் சென்று சேரும் முறையை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் இவ்விஷயம் தெளிவாகும்.

பொருள் செல்லும் சுற்றுவழி

இன்று ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் நெருங்கியுள்ள தியாகராய நகர், நூறாண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்தது. மயிலாப்பூர் ஏரி என்றும், நுங்கம்பாக்கம் ஏரியோடு சேர்த்து நெடிய ஏரி என்றும் பெயர் பெற்றிருந்த அந்நீர்நிலை, 1920-களில் வடிக்கப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏரி போனபின் அதன் பாய்ச்சல் நிலங்களும் போயின. அரிசியும் காய்கறியும் கிட்டத்திலிருந்து வந்த காலம் கழிந்து, வெகுதூரத்திலிருந்து வரவேண்டிய காலம் வந்தது. பட்டணம் வளர்ந்த அளவுக்குப் பொருள் பிரயாணம் செய்யும் தூரமும் வளர்ந்தது.

மொத்த வியாபாரம் முன்பு ஜார்ஜ் டவுனில் கொத்தவால்சாவடியில் நடைபெற்றது. அங்கே தெருக்கள் குறுகி, வண்டிகள் நகரமாட்டாமல் தேங்கியபடியால், 1996-ஆம் ஆண்டில் காய்கறி, பழம், பூ ஆகியவற்றின் மொத்த அங்காடி கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்தால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. லாரிகள் உள்ளே வந்து நின்று பாரம் இறக்குவதற்கு இடம் கிடைத்தது. எவ்வளவு பொருள் வந்தாலும் ஏதேனுமொரு விலைக்கு வாங்குவோர் இருக்கின்றனர் என்ற தைரியமும் குடியானவருக்கு உண்டாயிற்று.

ஆயினும் ஒரு குறை நிற்கின்றது. திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர் முதலிய தென்வட்டாரங்களில் விளையும் கீரையும் கத்தரியும் வெண்டையும் தர்ப்பூசணியும் வடக்கே பட்டணத்தை நோக்கிச் செல்கின்றன. அவற்றில் ஒரு பகுதி அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் உண்ணப்படுவதற்கே செல்கின்றது. ஆயினும் அது நேரே அங்கே செல்வதில்லை. அடையாற்றுக்கு வடமேற்கே சாலை வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அப்பாலுள்ள கோயம்பேட்டுக்குப் போய், இறங்கி, விலையாகி, மறுபடி சிறு வண்டிகளில் ஏறி, வந்த திசையை நோக்கியே திரும்புகின்றது. இரு முறை ஏற்றி இரு முறை இறக்கும்போது கீரை வாடுகின்றது, தக்காளி நசுங்குகின்றது. நசுங்கிய தக்காளிக்காக எரிந்த டீசலும் வீண். அதை விளைவிக்கப் பாய்ச்சிய நீரும் வீண்.

முன்னிருந்த நீர்வழி

சாலையும் ரயிலும் ஏற்படுமுன், கடலோர மாவட்டங்களின் சரக்கு எவ்வாறு பட்டணம் சேர்ந்தது என்பதை நினைவுகூர்வது பயனுடையது. 1806-ஆம் ஆண்டில் பேஸில் காக்ரேன் என்பவரது முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். 1837-இல் அது சர்க்கார் வசமாயிற்று. பின்னர் வடக்கே ஆந்திர தேசத்துப் பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் அது நீட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுப்பகுதி, தாது வருஷத்துப் பெரும் பஞ்சத்தின்போது, 1877-78-இல், பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் செல்வது அப்பகுதியே. அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878-இல் கால்வாய்க்கு இடப்பட்டது.

இக்கால்வாய் வழியாக விறகும் சவுக்கும் உப்பும் நெல்லும் படகுகளில் வந்தன. காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாய்க்காதபோது கோலூன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். எண்ணெயும் வேண்டுவதில்லை, புகையும் இல்லை. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்குப் பட்டணத்தின் விறகுத் தேவை ஒரு காரணம். அவ்விறகைக் குறைந்த கூலியில் கொண்டு சேர்க்க நீர்வழி இருந்தது மற்றொரு காரணம். போக்குவரத்து எவ்விதமோ அவ்விதமே பயிரும் அமையும் என்பதற்கு இது தக்க திருஷ்டாந்தம்.

ரயிலும் மோட்டாரும் வந்தபின் கால்வாயின் மதிப்புக் குறைந்தது. 1965-66-லும் 1976-லும் அடித்த புயல்கள் கரைகளையும் கட்டடங்களையும் சிதைத்தன. செப்பனிடுவதில் ஊக்கம் காட்டப்படவில்லை. பட்டணத்துக்குள் சாக்கடைநீர் வந்து கலந்தது. கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் நடுவிலேயே எழுந்தன. அந்த ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் திருமயிலை வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் ஓடத் தொடங்கிற்று.

கணக்கு காட்டுவது யாது?

ஒரு டன் பாரத்தை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்வதை ஓர் அளவாக வைத்துக்கொள்வோர், ஒரு லிட்டர் எரியெண்ணெயில் சாலை வழியாக 24 டன்-கிலோமீட்டரும், ரயில் வழியாக 85-உம், நீர்வழியாக 105-உம் இயலும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் எடுத்துக்காட்டும் கணக்கும் இதுவே. இதன்படி 9 டன் நெல்லை 100 கிலோமீட்டர் கொண்டு செல்ல லாரிக்கு 37.5 லிட்டர் வேண்டும். ரயிலுக்கு ஏறக்குறைய 10.6 லிட்டரும், நீர்வழிக்கு 8.6 லிட்டரும் போதும். கரியமில வாயுவின் கணக்கில் முறையே சுமார் 100 கிலோ, 28 கிலோ, 23 கிலோ ஆகும். ரயில் மின்சாரத்தால் ஓடுமிடத்தில் இக்கணக்கு வேறுபடும். மின்சாரம் காற்றாலிருந்தும் சூரியனிடமிருந்தும் வருமளவுக்கு ரயிலின் பங்கு இன்னும் குறையும்.

இக்கணக்கைக் கண்டு மயங்கிவிடுதலும் கூடாது. ஆழமும் அகலமும் உள்ள நீர்வழியில், பெரிய படகு நிறைந்த பாரத்தோடு செல்லும்போதுதான் இத்தகைய பலன் கிட்டும். சேறு நிறைந்த கால்வாயில் தட்டுத் தடுமாறிச் செல்லும் சிறு படகுக்கு இது பொருந்தாது. சாலைக்குரிய கணக்கும் அவ்வாறே. பாதிப் பாரத்தோடு போய் வெற்று வண்டியாகத் திரும்பும் லாரி, ஒரு டன்னுக்கு எரிக்கும் எண்ணெய் மேற்சொன்னதைவிட மிக அதிகம். எந்த வாகனம் என்ற கேள்விக்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டோ, அது எவ்வளவு நிறைந்து செல்கிறது என்ற கேள்விக்கும் அவ்வளவு முக்கியத்துவம் உண்டு.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது

2008-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களையும், அவற்றோடு கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் பகுதிகளையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழியாக அறிவித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டிலுள்ள தேசிய நீர்வழிகளின் தொகை 111 ஆயிற்று. அறிவிப்பு வந்து ஆண்டுகள் பல சென்றும், பக்கிங்காம் கால்வாயின் தமிழ்நாட்டுப் பகுதியில் முன்போலச் சரக்குப் போக்குவரத்து ஏற்படவில்லை.

மயிலாப்பூரில் மறுபடியும் நெற்படகு வந்து நிற்கும் என்று சொல்வது ஆசை வார்த்தையேயாகும். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட 7 கிலோமீட்டர் தூரத்தில் ரயில் தூண்கள் நிற்கின்றன. அவற்றை எடுக்கவும் முடியாது, எடுக்க வேண்டுவதும் இல்லை. படகு சென்ற பாதையின் மேலேயே இன்று மின்சார ரயில் செல்கின்றது. அதுவும் புகையற்ற வாகனமே. ஜனக்கூட்டம் குறைந்த வேளைகளில் அந்த ரயிலில் ஒரு பெட்டியைக் கீரை, பூ, காய்கறிக் கூடைகளுக்கு ஒதுக்கலாமா என்பதை ரயில்வே அதிகாரிகள் ஆலோசிப்பது தகும். வேளச்சேரியில் ஏறும் கூடை சிறிது நேரத்தில் திருமயிலையில் இறங்கிவிடும்.

அடையாற்றுக்குத் தெற்கே மரக்காணம் வரையில் 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பகுதியின் நிலை வேறு. அங்கே பட்டணத்தை விட்டு அகலும்தோறும் நெருக்கடி குறைகின்றது. உப்பு, வைக்கோல், சவுக்கு, செங்கல், மணல் போன்று கெடாத, கனத்த, அவசரமில்லாத சரக்குக்கு நீர்வழி ஏற்றது. கீரைக்கும் மீனுக்கும் அது ஏற்றதன்று. ஆழப்படுத்துவதற்கும், தாழ்ந்த பாலங்களை உயர்த்துவதற்கும் ஆகும் செலவை இச்சரக்கின் வருமானம் தாங்குமா என்பதை முதலில் அளந்தறிய வேண்டும். அளந்தறியாமல் செலவிடுவது தவறு. அளந்தறியும் வரையில் கால்வாயைப் பாழாக விடுவது அதனினும் பெரிய தவறு. படகு ஓடாவிட்டாலும் அக்கால்வாய் வெள்ளத்தை வடிக்கின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக அதில் விழுந்து, கோவளத்து முகத்துவாரத்தை நோக்கிச் செல்கின்றது. அது அடைபட்டால் வெள்ளநீர் வயலிலும் தெருவிலும் தேங்கும்.

இன்றே செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் நிறைவேறுவதற்குக் காலம் பிடிக்கும். குடியானவர் தம் கைவசமுள்ளவற்றைக் கொண்டு இன்றே செய்யத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, பாரத்தைச் சேர்ப்பது. ஒரே ஊரிலிருந்து ஒரே இரவில் நான்கு சிறு வண்டிகள் அரைப் பாரத்தோடு புறப்படுவது வழக்கமாக இருக்கின்றது. நான்கு பேரும் சேர்ந்தால் இரண்டு வண்டிகள் போதும்; சத்தமும் பாதியாகும். 2002-இல் செய்யப்பட்ட கம்பெனிச் சட்டத் திருத்தத்தால் உற்பத்தியாளர் கம்பெனிகள் அமைக்க வழி ஏற்பட்டது. கூட்டுறவுச் சங்கமும் உண்டு. எந்தப் பெயரால் கூடினாலும் சரி, எடை போட்டுச் சீட்டுக் கொடுத்து, அவரவர் பாரத்துக்கேற்பச் சத்தம் பிரித்து, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால்தான் கூட்டு நிலைக்கும். கூட்டுகள் முறிவதற்குப் பெரும்பாலும் கணக்கு மறைவே காரணம்.

இரண்டாவது, பொருளைப் பிரித்து அனுப்புவது. தென்சென்னைக்கு வேண்டிய பகுதியைக் கோயம்பேட்டுக்கு அனுப்பாமல், அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் சங்கங்களுக்கும் முன்கூட்டியே பேசிவைத்து நேரே அனுப்பலாம். எல்லாவற்றையும் இவ்வாறு அனுப்புவது இயலாது. வரவு மிகுந்த நாளில் பெரிய அங்காடியின் துணை வேண்டியதே. நாள்தோறும் நிச்சயமாக விற்கும் அளவைக் கண்டுகொண்டு அதை மாத்திரம் நேரே விடுத்தால், சுற்றுவழி ஒழியும். விலை பற்றிய பயமும் இராது.

மூன்றாவது, ரயிலைப் பயன்படுத்துவது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். இப்போது செங்கற்பட்டு வரையில் அது ஓடுகின்றது. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் தியாகராய நகரின் கடைத்தெரு எதிரிலேயே உள்ளது. தலைச்சுமையாகக் கொணரும் சிறு வியாபாரிகள் இவ்வழியை அறிந்திருக்கின்றனர். நிலக்காரர் பலர் சேர்ந்து, பூ, கீரை போன்ற எடை குறைந்த விலை மிகுந்த சரக்கை ரயில்வே விதிகளுக்கு உட்பட்டு இவ்வாறு அனுப்பினால், தியாகராய நகரின் நெருக்கடியில் வண்டி நிற்கும் நேரமும் மிச்சமாகும்.

நான்காவது, வேண்டாத பாரத்தைக் குறைப்பது. முட்டைக்கோஸின் மேலிலையும், காலிபிளவரின் மிகுதித் தழையும், வாழைத்தாரின் நீண்ட காம்பும் பட்டணத்திற் குப்பையாகவே முடிகின்றன. மேற்காப்புக்கு வேண்டிய அளவு நிறுத்தி, மற்றதை வயலிலேயே கழித்தால் அது அங்கேயே உரமாகும். நெல்லிலும் இவ்வாறே. நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 பங்காக உலர்த்தினால் எடை 93 கிலோவாகின்றது. எஞ்சிய 7 கிலோ தண்ணீரே. அத்தண்ணீரை லாரியில் ஏற்றிச் செல்வதால் லாபம் யாருக்கும் இல்லை. மூட்டை பூஞ்சணம் பிடிப்பதே மிச்சம். தக்காளி, கத்தரி முதலியவற்றைச் சாக்கில் திணிக்காமல் காற்றோட்டமுள்ள பெட்டிகளில் அடுக்கினால் சேதாரம் குறையும்.

ஐந்தாவது, திரும்பும் வண்டிக்குப் பாரம் தேடுவது. வெறும் வண்டி திரும்புவது இரட்டைச் செலவு. சென்னை மாநகராட்சி மக்கும் குப்பையிலிருந்து உரம் தயாரிக்கும் கூடங்களை நடத்தி வருகின்றது. கண்ணாடி, பிளாஸ்டிக் கலவாத நல்ல உரமாயிருந்தால் திரும்பும் வண்டியில் அதை ஏற்றிவரலாம். பிண்ணாக்கும் தவிடும் ஏற்றிவரலாம். உரம் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் மறுநாள் காய்கறி ஏற்றுதல் கூடாது. பட்டணம் உண்டதன் மிச்சம் வயலுக்குத் திரும்புவதே பழைய முறை. மோட்டார் வந்தபின் அம்முறையை மறந்தது குடியானவருக்கு நஷ்டம்.

கடைசித் தூரமாகிய மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர்ச் சந்துகளிலும், பெரிய லாரியைவிட மின்கலத்தால் ஓடும் மூன்று சக்கர வண்டியே தகுந்தது. குறைந்த தூரம், அடிக்கடி நிறுத்தம், மெல்லிய ஓட்டம் ஆகிய மூன்றும் அதற்கு ஏற்றவை. இதை வாங்கும் செலவு வியாபாரியைச் சேர்ந்தது. ஆனால் நேரே சரக்கு அனுப்பும் சங்கங்கள், இத்தகைய வண்டி வைத்திருக்கும் வியாபாரிக்கு முதலிடம் கொடுக்கலாம்.

சில ஆட்சேபங்கள்

“லாரி வயலோரம் வந்து நிற்கின்றது, இரவில் ஏற்றினால் விடியுமுன் விற்றுவிடுகின்றது. ரயிலும் படகும் அவ்வாறு வருமா?” என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. லாரியை ஒழிக்க வேண்டும் என்பது இங்கே சொல்லப்படவில்லை. கெடும் சரக்கை நிறைந்த லாரியிலும், கெடாச் சரக்கை ரயிலிலோ நீரிலோ அனுப்புவதே யோசனை. ஒவ்வொரு சரக்குக்கும் அதற்குரிய வாகனம் உண்டு; எல்லாவற்றையும் ஒரே வாகனத்தில் ஏற்றும் பழக்கமே செலவையும் புகையையும் பெருக்குகின்றது.

“காற்றைக் கெடுப்பவை ஆலைகளும் பட்டணத்து மோட்டார்களும், பொறுப்பைக் குடியானவர்மேல் சுமத்துவானேன்?” என்பது மற்றோர் ஆட்சேபம். பொறுப்பு முழுவதும் அவருடையதன்று என்பது மெய். அதனாலேயே, வாகனங்களைச் சுத்தமாக்கும் செலவு சத்தத்தில் ஏறி மண்டிச் சீட்டில் கழிக்கப்படாதபடி அவர் விழிப்பாயிருக்க வேண்டும். சங்கமாகப் பேசுவோருக்குச் சத்தத்தை நிர்ணயிப்பதில் குரல் உண்டு. தனியே வண்டி பிடிப்பவர் சொன்ன விலைக்கு இணங்க வேண்டியவரே.

கிராம உத்தியோகஸ்தர் கடமை

கால்வாயோரக் கிராமங்களில் உத்தியோகம் பார்ப்போருக்கு இவ்விஷயத்தில் தனிப்பொறுப்பு உண்டு. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபின், நிலக்கணக்கைக் காக்கும் கடமை கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தது. கால்வாயின் கரையும் அதனையொட்டிய புறம்போக்கும் கணக்கில் எத்தனை ஏக்கர், தரையில் எத்தனை ஏக்கர் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் கையிலுள்ள வேலை. எல்லைக்கல் காணாமற் போன இடத்தில் மறுபடி நடச் செய்வதும், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பை உடனே மேலிடத்துக்குத் தெரிவிப்பதும் அவரால் ஆகும்.

உடனே என்பதே இங்கு முக்கியம். வேலி போட்ட அன்றே அதைத் தெரிவித்தால் வேலி மாத்திரம் எடுபடும். பத்து வருஷம் கண்டும் காணாதிருந்து, ஏழைகள் வீடு கட்டிக் குடியேறிய பிறகு இடித்துத் தள்ளுவது கொடுமை; அவர்களை வெகுதூரம் கொண்டுபோய் விடுவதும் கொடுமை. காலத்தில் எழுதிய ஒரு குறிப்பு பின்னால் வரும் பல கண்ணீரைத் தடுக்கும். மிராசுதாரர்களும், தம் வரப்பைக் கரைமேல் ஏற்றிவைக்கும் ஆசையை அடக்குவது தம் நிலத்துக்கே நன்மையாகும். கரை தளர்ந்தால் உப்புநீர் முதலில் ஏறுவது அவர்கள் வயலிலேயே.

தாது வருஷத்தில் பசியோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது. அதை வெட்டியவர்களுக்கு அன்றைய கூலி கிடைத்தது. பின்வந்தவர்களுக்கு நூறு வருஷப் போக்குவரத்து கிடைத்தது. இனி வருவோருக்கு அது படகு வழியாகவோ, வெள்ளம் வடியும் வழியாகவோ, இரண்டுமாகவோ பயன்படலாம். எவ்வாறு பயன்பட வேண்டுமாயினும் அது இருக்க வேண்டும். அதைக் காப்பது உத்தியோகஸ்தரைச் சேர்ந்தது. பாரத்தைச் சேர்த்து, சுற்றுவழியைக் குறைத்து, வெறும் வண்டி திரும்பாமற் பார்த்துக்கொள்வது குடியானவரைச் சேர்ந்தது. இவ்வறுவடைக்குப் பின் ஒவ்வோர் ஊரிலும் நான்கு நிலக்காரர்களேனும் கூடி, சென்ற வருஷத்து மண்டிச் சீட்டுகளை எடுத்துவைத்து, சத்தமாக மாத்திரம் எவ்வளவு போயிற்று என்று கூட்டிப் பார்ப்பார்களாக. அத்தொகையே மேற்கொண்டு செய்யவேண்டியதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும்.